80 குதிரைக்கும் 125 குதிரைக்கும் எத்தனை வினாடி?

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் திறன் 80 குதிரைத் திறன். அதே குடும்பத்தில் வந்த புதிய மோட்டார் சைக்கிளின் திறன் 125. இரண்டும் ஒரே கோட்டிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. 400 மீட்டர் தொலைவில் உள்ள கம்பத்தைப் புதிய வண்டி எத்தனை வினாடி முன்னதாகத் தொடும்?

வகுப்பில் இதைக் கேட்டால் “பாதி நேரத்தில் போய்விடும்”, “ஐந்து வினாடியாவது முந்தும்” என்றெல்லாம் விடை வரும். கணக்குப் போட்டால் கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒரு வினாடிதான். திறன் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. லாபமோ ஒரு வினாடி. மீதித் திறன் எங்கே போனது? அதைத்தான் இந்த வாரம் தேடப் போகிறோம். தேடிக் கண்டதை உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சிறிய வண்டிக்கும் பொருத்திப் பார்ப்போம். உங்களுக்கு அதுதான் முக்கியம்.

எந்த வண்டிகளை ஒப்பிடுகிறோம்?

வார இறுதியில் வடக்கு-தெற்கு விரைவுச்சாலையின் ஆர் அண்ட் ஆர் ஓய்விடங்களில் பெரிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் பெட்டிகள், முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, அகலமான இருக்கை. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுத் தாய்லாந்து வரை போகிறவர்களும் அவர்களில் உண்டு. நாள் முழுதும் களைப்பில்லாமல் ஓட்டுவதற்காகச் செய்யப்படும் இந்த வகையை நெடும்பயண மோட்டார் சைக்கிள் என்று அழைக்கலாம்.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது ஹோண்டாவின் கோல்ட் விங். இதன் முதல் வடிவமான ஜிஎல்1000, 1974-இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் அறிமுகமாகி 1975-இல் விற்பனைக்கு வந்தது. எதிரெதிராகப் படுத்த நிலையில் 4 சிலிண்டர்கள், 999 சி.சி. கொள்ளளவு, நீரால் குளிரூட்டப்படும் இன்ஜின். பின் சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதில் ஓர் உருளைத் தண்டு. திறன் ஏறத்தாழ 80 குதிரை, அதாவது 59 கிலோவாட். பெட்ரோல் நிரப்பிய எடை ஏறத்தாழ 290 கிலோ.

1988-ஆம் ஆண்டு மாடலாக ஜிஎல்1500 வந்தது. 6 சிலிண்டர், 1,520 சி.சி., ஏறத்தாழ 100 குதிரைத் திறன். 2001-இல் 1,832 சி.சி. இன்ஜினுடன் ஜிஎல்1800 வந்தது. 2018 மாடலுக்காக வண்டி முழுவதும் மறுபடி வடிவமைக்கப்பட்டது. அதன் இன்ஜின் 1,833 சி.சி.; திறன் 93 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 125 குதிரை. பின் பெட்டி இல்லாத வடிவத்தின் எடை ஏறத்தாழ 365 கிலோ.

43 ஆண்டு இடைவெளி உள்ள இந்த உறவினர்கள்தான் இன்று நம் ஆய்வுப் பொருள்கள்.

திறன் என்றால் என்ன?

பள்ளியில் நீங்கள் மலாயில் படிக்கும் சொற்களை முதலில் தமிழோடு இணைத்துக்கொள்வோம். டாயா என்பது விசை. ஜிசிம் என்பது பொருண்மை. பெச்சுத்தான் என்பது முடுக்கம். குவாசா என்பது திறன்.

ஒரு வினாடியில் எவ்வளவு சக்தியைக் கொடுக்க முடிகிறது என்பதே திறன். ஒரு வினாடிக்கு 1 ஜூல் கொடுத்தால் அது 1 வாட். இதை உங்கள் உடம்பிலேயே அளக்கலாம். உங்கள் பொருண்மை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் உயரமுள்ள மாடிப்படியை 5 வினாடியில் ஓடி ஏறுகிறீர்கள். மேலேற்றிய சக்தி 50 × 10 × 3 = 1,500 ஜூல். அதை 5-ஆல் வகுத்தால் 300 வாட். உங்கள் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 வாட் கிடைக்கிறது. இந்த 6 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்?

லாரியின் இன்ஜின் திறன் மோட்டார் சைக்கிளின் திறனைவிட மிக அதிகம். ஆனாலும் சமிக்ஞை விளக்கு பச்சையானதும் முதலில் பாய்வது மோட்டார் சைக்கிள்தான். காரணம், லாரியின் இன்ஜின் மிகப் பெரிய பொருண்மையை நகர்த்த வேண்டியிருக்கிறது. எனவே மொத்தத் திறனை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. அதை மொத்தப் பொருண்மையால் வகுத்து, ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். வண்டி தானாக ஓடுவதில்லை. ஆகவே ஓட்டுபவருக்கும் 75 கிலோ சேர்ப்போம்.

1975 ஜிஎல்1000: 290 + 75 = 365 கிலோ. 59,000 ÷ 365 = ஒரு கிலோவுக்கு 162 வாட்.

1988 ஜிஎல்1500: பெட்ரோலுடன் எடை ஏறத்தாழ 390 கிலோ. 390 + 75 = 465 கிலோ. 74,000 ÷ 465 = ஒரு கிலோவுக்கு 159 வாட்.

2018 கோல்ட் விங்: 365 + 75 = 440 கிலோ. 93,000 ÷ 440 = ஒரு கிலோவுக்கு 211 வாட்.

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். 13 ஆண்டுகளில் இன்ஜின் பாதியளவு பெரிதானது. 20 குதிரை கூடியது. ஒரு கிலோவுக்குக் கிடைத்த திறனோ கூடவே இல்லை! காரணம் எளிது. 1975 வண்டியில் காற்றுத் தடுப்பும் இல்லை, பெட்டிகளும் இல்லை. வாங்கியவர்களே அவற்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். 1988-இல் அவை எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. வண்டி அவ்வளவு கனமாகிவிட்டதால், தொடக்கி மோட்டாரின் உதவியால் பின்னோக்கி நகரும் வசதியையும் சேர்க்க வேண்டி வந்தது. கூடிய திறனைக் கூடிய எடை விழுங்கிவிட்டது.

2018-இல் முன்னேற்றம் வந்ததற்கு இன்ஜின் பாதிக் காரணம். முந்தைய மாடலைவிட 40 கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தது மீதிக் காரணம்.

ஆக, 80-க்கும் 125-க்கும் இடையே 56 விழுக்காடு வேறுபாடு. 162-க்கும் 211-க்கும் இடையே 30 விழுக்காடு மட்டுமே. நாம் தேடிய திறனில் பெரும் பகுதி இங்கேயே கரைந்துவிட்டது.

வேகத்தை எட்டும் நேரம்

ஓடும் வண்டியிடம் இயக்கச் சக்தி இருக்கிறது. அதன் அளவு, பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 100 கி.மீ. என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். அந்த வேகத்தை எட்டிய ஒவ்வொரு கிலோவிடமும் ஏறத்தாழ 386 ஜூல் இயக்கச் சக்தி இருக்கும்.

பழைய வண்டி ஒரு கிலோவுக்கு வினாடிக்கு 162 ஜூல் கொடுக்கிறது. 386 ÷ 162 = 2.4 வினாடி. புதிய வண்டிக்கு 386 ÷ 211 = 1.8 வினாடி.

“உண்மையில் இவ்வளவு குறைவாகவா ஆகும்?” என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. உண்மையில் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். இன்ஜின் தொடக்கம் முதல் உச்சத் திறனிலேயே இயங்குவதாக நாம் எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் புறப்படும்போது சக்கரம் வழுக்காமல் இருக்க வேண்டும். முன் சக்கரம் மேலே தூக்கக் கூடாது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் போகும். காற்றையும் கிழிக்க வேண்டும். இந்த இழப்புகள் இரண்டு வண்டிகளுக்கும் உண்டு. எனவே நம் கணக்கு சரியான நேரத்தைச் சொல்லாவிட்டாலும், இரண்டையும் ஒப்பிட உதவும்.

தூரத்தைக் கடக்கும் நேரம்

இப்போது 400 மீட்டர் கம்பத்துக்கு வருவோம். இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. மூன்று படிகளில் பார்ப்போம்.

முதல் படி: ஒரு கிலோவுக்கான திறனை நேரத்தால் பெருக்கினால் ஒரு கிலோவுக்குக் கிடைத்த சக்தி வரும். சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகத்தின் வர்க்கம், திறன் × நேரம் என்பதோடு ஒரே விகிதத்தில் வளர்கிறது.

இரண்டாம் படி: கடந்த தூரம், வேகம் × நேரம் என்பதோடு ஒரே விகிதத்தில் வளர்கிறது. எனவே தூரத்தின் வர்க்கம், வேகத்தின் வர்க்கம் × நேரத்தின் வர்க்கம் என்பதோடு வளரும்.

மூன்றாம் படி: முதல் படியை இரண்டாம் படியில் பொருத்துங்கள். தூரத்தின் வர்க்கம், திறன் × நேரம் × நேரம் × நேரம் என்பதோடு வளர்கிறது.

நேரம் மூன்று முறை பெருக்கப்படுகிறது, பார்த்தீர்களா? தூரம் ஒன்றே என்றால், நேரத்தைப் பாதியாக்க ஒரு கிலோவுக்கான திறனை 2 × 2 × 2 = 8 மடங்காக்க வேண்டும். நம் புதிய வண்டிக்குக் கூடியிருப்பது 1.3 மடங்குதான். 1.3-இன் கனமூலம் ஏறத்தாழ 1.09. அதாவது நேரம் 9 விழுக்காடு அளவிலேயே மாறும்.

1975-இல் நடந்த சோதனைகளில் ஜிஎல்1000, கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, ஏறத்தாழ 13 வினாடியில் கடந்தது. 13-ஐ 1.09-ஆல் வகுத்துப் பாருங்கள். 12-ஐ ஒட்டி வரும். தொடக்கத்தில் சொன்ன ஒரு வினாடி இதுதான்.

அப்படியானால் புதிய வண்டி எதில் சிறந்தது?

பழையதையும் புதியதையும் ஓட்டிப் பார்த்தவர்கள் “புதியது இழுக்கும் விதமே வேறு” என்பார்கள். அது வெறும் நினைப்பு அல்ல. அதற்கும் கணக்கு இருக்கிறது.

இன்ஜினின் சுழல் தண்டைத் திருப்பும் விசையின் அளவை முறுக்குவிசை என்கிறோம். முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் திறன் வரும். பழைய வண்டியின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 80 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது நிமிடத்துக்கு 6,500 சுற்றில். புதிய வண்டிக்கு 170 நியூட்டன் மீட்டர். அதுவும் வெறும் 4,500 சுற்றிலேயே.

இரண்டு இன்ஜின்களும் 4,500 சுற்றில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 4,500 சுற்று என்பது வினாடிக்கு 471 ரேடியன். புதிய வண்டியின் திறன் 170 × 471 = ஏறத்தாழ 80 கிலோவாட். பழைய வண்டியின் முறுக்குவிசை 80-ஐத் தாண்ட முடியாது; ஆகவே அதன் திறன் 80 × 471 = 38 கிலோவாட்டைத் தாண்டாது. ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் 182 வாட்டும், அதிகம் போனால் 104 வாட்டும். இப்போது வேறுபாடு 75 விழுக்காடு!

பழைய வண்டியில் லாரியை முந்த வேண்டும் என்றால் கியரைக் குறைத்து, இன்ஜினை 7,000 சுற்றுக்கு மேல் அலற விட வேண்டும். அப்படிச் செய்தால் அதுவும் நன்றாகவே பாயும். புதிய வண்டியில் கைப்பிடியைத் திருகினாலே போதும். தாளில் அச்சிடும் உச்சத் திறன் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அன்றாட ஓட்டத்தில் கைக்குக் கிடைப்பது உச்சத் திறன் அல்ல; நடுச் சுற்றில் கிடைக்கும் திறன்.

இன்னொன்றும் உண்டு. விரைவுச்சாலையில் மணிக்கு 110 கி.மீ. என்ற உச்ச வரம்பிலேயே சீராகச் செல்ல இத்தகைய வண்டிக்கு 10 முதல் 15 கிலோவாட் இருந்தால் போதும். அதில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கச் செலவாகிறது. 93 கிலோவாட்டில் மீதி எதற்கு? சுமைக்கும் மேட்டுக்கும் முந்துவதற்கும்தான். பின்னால் அமர்பவருக்கு 75 கிலோ, பெட்டிகளில் 30 கிலோ சேருங்கள். புதிய வண்டியின் மொத்தம் 545 கிலோ. ஒரு கிலோவுக்கு 171 வாட். பழைய வண்டியில் ஒருவர் மட்டும் போனபோது கிடைத்த 162-ஐவிட இது சற்றுக் கூடுதல். இருவரும் மூட்டைகளும் ஏறிய பின்னும், பழைய வண்டி தனியாளோடு பாய்ந்த அளவுக்குப் புதியது பாய்கிறது. அதே சுமையைப் பழைய வண்டியில் ஏற்றினால் 126 வாட்டுக்கு இறங்கிவிடும்.

ஏற்றிய சக்தியை இறக்க வேண்டுமே!

முடுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் மறந்துவிடும் பாதி இது. இன்ஜின் வண்டிக்குள் ஏற்றிய இயக்கச் சக்தி முழுவதையும் நிற்கும்போது பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். சுமையோடு 110 கி.மீ. வேகத்தில் செல்லும் புதிய கோல்ட் விங்கிடம் ஏறத்தாழ 2,55,000 ஜூல் இருக்கிறது. மாடி ஏறிய உங்கள் 1,500 ஜூலைப்போல் 170 மடங்கு! அதைச் சில வினாடிகளில் கரைக்க வேண்டும்.

நல்ல காய்ந்த சாலையில் நல்ல பிரேக், வேகத்தை வினாடிக்கு 8 மீட்டர் வீதம் குறைப்பதாகக் கொள்வோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த 1 வினாடி ஆகும். 90 கி.மீ. வேகத்தில் மொத்த நிறுத்தத் தூரம் ஏறத்தாழ 64 மீட்டர். 110-இல் 89 மீட்டர். வேகம் 22 விழுக்காடு கூடியது; தூரம் 39 விழுக்காடு கூடிவிட்டது. மழையில் பிடிமானம் பாதியானால் 110-இல் 147 மீட்டர் ஆகும். அது ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம்.

43 ஆண்டுகளில் உயிர் காக்கும் முன்னேற்றம் இங்கேதான் நடந்தது. 1975 வண்டியிலும் வட்டத் தட்டு பிரேக்குகள் இருந்தன. ஆனால் அதிகமாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். 2018 வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு இருக்கிறது. சக்கரம் நிற்கப் போகிறது என்று உணர்ந்ததும் பிரேக் அழுத்தத்தை நொடியில் தளர்த்தி மறுபடி கொடுக்கிறது. வண்டியும் சாயாமல் நிற்கிறது.

உங்கள் வீட்டு வண்டிக்கு இதே கணக்கு

உங்களில் யாரும் இப்போது கோல்ட் விங் ஓட்டப் போவதில்லை. ஆனால் மலேசியாவில் 16 வயதில் பி2 உரிமம் எடுக்கலாம். படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் பலர் கப்சாய் வண்டியில் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போகிறார்கள். இந்நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே இந்தக் கடைசிக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள்.

ஒரு கப்சாயின் எடை 100 கிலோ, திறன் 6.5 கிலோவாட், ஓட்டுபவர் 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 41 வாட். அதே வண்டியில் 60 கிலோ நண்பர் ஒருவர் ஏறினால் 30 வாட்டுக்கும் கீழே போய்விடும்.

இருவழிச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரியை முந்த, வேகத்தை 90-க்கு உயர்த்துகிறீர்கள். அதற்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 174 ஜூல் வேண்டும். தனியாகச் சென்றால் 4.3 வினாடி. நண்பரோடு சென்றால் 5.9 வினாடி. இதுவும் காற்றுத் தடையைச் சேர்க்காத, உச்சத் திறனில் போட்ட கணக்கு. நிஜத்தில் இரண்டுமே இன்னும் கூடும்.

“1.6 வினாடிதானே சார்?” என்பீர்கள். அந்த 1.6 வினாடியில் நீங்கள் எதிர்த் தடத்தில் ஏறத்தாழ 34 மீட்டர் கூடுதலாகப் போயிருப்பீர்கள். எதிரே 90 கி.மீ. வேகத்தில் வரும் கார் 40 மீட்டர் நெருங்கியிருக்கும். மொத்தம் 70 மீட்டருக்கு மேல். நேற்றுத் தனியாகப் போனபோது போதுமாக இருந்த இடைவெளி, இன்று நண்பரை ஏற்றியதும் போதாமல் போகிறது. சாலையும் அதே, வண்டியும் அதே, கையும் அதே. மாறியது ஒரு கிலோவுக்கான வாட் மட்டும்தான்.

பெரிய வண்டியில் 75 கிலோ கூடினால் மொத்தப் பொருண்மை ஆறில் ஒரு பங்கு அளவே கூடும். சிறிய வண்டியில் 60 கிலோ கூடினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். அதனால்தான் சுமையின் பாதிப்பைப் பெரிய வண்டியைவிடச் சிறிய வண்டி அதிகமாக உணர்கிறது.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் கையேட்டில் எடையும் திறனும் இருக்கும். ஓட்டுபவர் ஒருவர், இருவர் என இரு நிலைகளுக்கும் ஒரு கிலோவுக்கான வாட்டைக் கணக்கிடுங்கள். மாடிப்படியில் நீங்கள் பெற்ற எண்ணோடு ஒப்பிடுங்கள்.

2. மேலே கூறிய கப்சாயில், இருவர் செல்லும்போதும் தனியாளின் அதே 4.3 வினாடியில் முந்த வேண்டுமானால் இன்ஜினின் திறன் எத்தனை கிலோவாட்டாக இருக்க வேண்டும்?

இரண்டாம் கேள்விக்கு விடை கண்டதும், அத்தனை திறன் அந்தச் சிறிய இன்ஜினிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போவதே அறிவியல் சொல்லும் முடிவு.